குலியெல்மோ மார்க்கோனியாரும் கம்பியில்லாத் தந்தியும்

பெரியோர்தம் வாழ்க்கை வரலாறுகளைப் பயில்வதால் விளையும் பயன் இருவகைத்து. அவர்தம் அருஞ்செயல்களை எண்ணி வியந்து ஊக்கங் கொள்ளுதல் ஒன்று. அச்செயல்களை அவர் எவ்வாறு செய்து முடித்தனர், எவ்விடத்து வழி பிறழ்ந்தனர், பிறழ்ந்ததை எவ்வாறு திருத்திக் கொண்டனர் என்று ஆராய்ந்து தெளிதல் மற்றொன்று. முன்னையது எளிது, பின்னையது அரிது. எனினும் நிலைத்த பயன் தருவது பின்னையதே என்பது எம் கருத்து. அக்கருத்துப் பற்றியே கம்பியில்லாத் தந்தியை உலக வழக்கிற் கொணர்ந்த குலியெல்மோ மார்க்கோனியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைய முற்பட்டோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு யாம் கூறுவது இது. இற்றை நாளில் நகரங்களில் வாழ்வோர் கண்ணாடியிழை வாயிலாக இணையத்தைத் தம் இல்லத்திற் பெறுகின்றனர். தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கோ நிலத்தைத் தோண்டி இழை பதிப்பது பெருஞ்செலவாகின்றது. ஆகவே ஓரிடத்துக் கோபுரம் நாட்டி, அதிலிருந்து வீட்டுக் கூரைகளில் நிறுத்திய சிறு தட்டுகளுக்கு மின்னலைகளை விடுத்து இணையந் தரும் முறை பல நாடுகளிலும் பரவியுள்ளது. இத்தொழிலை மேற்கொள்வோர் முதற்கண் விடை காணவேண்டிய வினாக்கள் சில உள. கோபுரம் எத்துணை உயரம் வேண்டும்? எவ்வளவு நீளமுடைய அலையைக் கொள்வது? பிறர் அலை குறுக்கிடின் என் செய்வது? எந்நிறுவனத்தார் கருவியை வாங்குவது? ஒரு நிறுவனத்தார் கருவி பிறிதொரு நிறுவனத்தார் கருவியோடு பேசுமா? இவ்வினாக்கள் யாவும் மார்க்கோனியார் தம் வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பட்டவையே. அவற்றுட் சிலவற்றிற்கு அவர் கண்ட விடை செவ்வியது. சிலவற்றிற்குக் கண்ட விடை பிழையுடையது. இரண்டும் நமக்குப் பாடமாவன.

பிறப்பும் இளமையும்

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில் 1874ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25ஆம் நாள் மார்க்கோனியார் பிறந்தனர். தந்தையார் ஜுசெப்பே என்பார் நிலபுலம் மிக்க செல்வர். தாயார் ஆனி ஜேம்சன் என்பார் அயர்லாந்து தேசத்தவர். தாயின் வழியே ஆங்கில மொழி இளமையிலேயே அவர்க்குக் கைவந்தது. இங்கிலாந்தில் உறவினர் துணையும் வாய்த்தது. இவ்விரண்டும் பிற்காலத்து அவர்க்குப் பேருதவியாயின.

அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். லிவோர்னோ நகரில் வின்சென்சோ ரோசா என்னும் ஆசிரியரிடத்து மின்சார நூலைத் தனிமையிற் பயின்றனர். பொலோஞாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அகுஸ்தோ ரீகி என்பார் அவர் குடும்பத்திற்கு அண்மையில் வாழ்ந்தவராதலின், அவருடைய ஆராய்ச்சிகளை அறியும் வாய்ப்பும் பெற்றனர்.

மின்காந்த அலைகள் உளவாதல் வேண்டும் என்பதை ஸ்காத்லாந்துப் பண்டிதராகிய மாக்ஸ்வெல் கணக்கினால் நிறுவியிருந்தார். அவ்வலைகளைத் தோற்றுவித்துக் காட்டியவர் ஜெர்மானியப் பண்டிதராகிய ஹெர்ட்ஸ். அவர் 1894ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தம் 36ஆம் வயதிலேயே உலக வாழ்வை நீத்தார். அவர் மறைவு குறித்து ரீகி எழுதிய கட்டுரையை இருபது வயதினராகிய மார்க்கோனியார் படித்தனர். படித்த அளவில், அவ்வலைகளைக் கொண்டு கம்பியின்றியே செய்தி அனுப்பலாகாதா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

உயரத்தின் பயன் கண்டது

பொந்தெக்கியோ என்னுஞ் சிற்றூரில் கிரிஃபோனே மாளிகை அவர் குடும்பத்திற்கு உரியது. அதன் மேல்மாடத்தில் அவர் தம் சோதனைகளைத் தொடங்கினர். அவர் கையாண்ட கருவிகளுள் பெரும்பாலன பிறர் கண்டவையே. பொறி எழுப்புங் கருவி ஹெர்ட்ஸும் ரீகியும் அமைத்தது. அலையை உணரும் உலோகத்துகட் குழாய் பிரான்சு தேசத்து பிரான்லி கண்டு, இங்கிலாந்து தேசத்து லாட்ஜ் திருத்தியது. ரஷியாவில் பப்போவும், நம் நாட்டில் கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போஸும் அக்காலத்திலேயே இத்துறையில் உழைத்து வந்தனர்.

அங்ஙனமாயின் மார்க்கோனியார் செய்தது யாது? தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும் விடாது அளந்ததுமே அவர் செய்தவை. துகட்குழாயில் எவ்வுலோகத்தை இடின் அது பிழையாது இயங்கும் என்பதைப் பன்முறை மாற்றி மாற்றிச் சோதித்து, நிக்கல் துகளுடன் சிறிது வெள்ளித் துகள் கலந்து, குழாயினின்று காற்றையும் வாங்கி, அதனை நம்பத்தகுந்த கருவியாக்கினர். கற்றோர் ஆராய்ச்சிச் சாலையில் ஒருமுறை இயங்கினாற் போதும் என்று அமைந்த பொருளை, நாடோறும் இயங்கும் பொருளாக ஆக்கியதே அவர்தம் தனிச்சிறப்பு.

1895ஆம் ஆண்டு அவர் வீட்டை விட்டு வயலுக்கு வந்தனர். கருவியின் ஒரு முனையை நிலத்திற் புதைத்து, மற்றொரு முனையைக் கம்பத்தின் உச்சியில் வைத்த தகரப் பெட்டியோடு இணைத்தனர். பக்கம் 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியை 2 மீட்டர் உயரத்தில் வைத்தபோது செய்தி 30 மீட்டர் சென்றது. அதே பெட்டியை 4 மீட்டர் உயரத்திற்கு ஏற்றியபோது 100 மீட்டர் சென்றது. 8 மீட்டருக்கு ஏற்றியபோது 400 மீட்டர் சென்றது. உயரம் இருமடங்காயின் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காதலை அவர் கண்டனர். பின்னர்ப் பக்கம் ஒரு மீட்டர் அளவுள்ள பெட்டியை 8 மீட்டர் உயரத்தில் வைக்க, செய்தி 2,400 மீட்டர் சென்றது. இடையே நின்ற குன்றும் அதனைத் தடுக்கவில்லை. குன்றிற்கு அப்பால் இருந்தோர் செய்தி வந்தமையைத் துப்பாக்கி வெடித்து அறிவித்தனர் என்பர்.

இங்கு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தூரத்தை மிகுவிக்க அவர் பொறியின் வலிமையைப் பெருக்குவதிலேயே முனைந்திலர். உயரத்தையும் நிலத்தொடர்பையும் முதலிற் சீர்செய்தனர். வலிமை பொருளாற் பெறுவது. அமைப்போ அறிவாற் பெறுவது.

இங்கிலாந்தில்

1896ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தாயாருடன் அவர் இங்கிலாந்து சேர்ந்தனர். சுங்கச் சாவடியில் அவர்தம் கருவிகள் சிதைந்தன. அவற்றை மீண்டும் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் 2ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். தபால் இலாகாவின் தலைமைப் பொறியியலறிஞராகிய வில்லியம் பிரீஸ் அவர்க்கு ஆதரவளித்தார்.

அடுத்த ஆண்டு மே மாதம் பிரிஸ்டல் கால்வாயில் நிகழ்ந்த சோதனை நினைவிற் கொள்ளத்தக்கது. லாவெர்னாக் முனைக்கும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளாட் ஹோம் தீவுக்கும் இடையே செய்தி அனுப்ப முயன்றனர். முதலிரண்டு நாளும் முயற்சி பலிக்கவில்லை. மூன்றாம் நாள், அஃதாவது மே 13ஆம் நாள், ஏற்குங் கருவியைப் பாறையின் மேலிருந்து கீழே கடற்கரைக்குக் கொணர்ந்து, மேலுள்ள கம்பத்தினின்று வருங் கம்பியை அத்துணைத் தூரம் நீட்டினர். உடனே செய்தி தெளிவாக வந்தது. கருவி மாறவில்லை, கம்பியின் நீளமும் நிறுத்திய இடமுமே மாறின. அதனை அருகிருந்து கண்ட ஜெர்மானியப் பேராசிரியர் ஸ்லாபி தம் நாடு திரும்பித் தாமும் ஒரு முறையை வகுத்தனர். பிற்காலத்தில் மார்க்கோனியார்க்குப் பெரும் போட்டியாய் எழுந்த தெலிபுங்கன் நிறுவனத்திற்கு வேர்களுள் ஒன்று அதுவே.

1897ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உறவினர் துணையுடன் ஒரு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்க காலத்துப் பணிகளுள் எம் உள்ளத்தை ஈர்ப்பது ராத்லின் தீவுப் பணியாகும். அயர்லாந்தின் வடகரைக்கு அப்பால் உள்ள அச்சிறு தீவின் விளக்குக் கோபுரத்தை அட்லாண்டிக் மாகடலினின்று வருங் கப்பல்கள் கடந்து செல்லும். கப்பல் காப்பீட்டார் சங்கமாகிய லாயிட்ஸ் அக்கப்பல்களின் வருகையை உடனுக்குடன் அறிய விரும்பியது. மூடுபனி பரவிய நாளில் தீவினின்று காட்டுங் கொடிக்குறிகள் கரையிலுள்ளார்க்குத் தோன்றா. 1898ஆம் ஆண்டு கோடையில் தீவுக்கும் பாலிகாசில் என்னுங் கரையூர்க்கும் இடையே கம்பியில்லா இணைப்பு நிறுவப்பெற்றது. ஊர் சிறிது, பயனோ பெரிது. இன்று சிற்றூர்களில் இரு கோபுரங்களுக்கிடையே நிறுவப்படும் இணைப்புகளுக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

அப்பணி ஓர் உயிரையும் கொண்டது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியிற் பயின்ற கிளான்வில் என்னும் இளைஞர் அப்பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் அத்தீவின் செங்குத்துப் பாறையினின்று வீழ்ந்து அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இறந்தார். கம்பம் நாட்டுவோரும் கோபுரம் ஏறுவோரும் புகழ்ப் பட்டியலில் இடம் பெறுவதில்லை. ஆயினும் அவர்தம் பாதுகாப்பிற்கு வேண்டுவன செய்தபின்னரே கருவியின் விலையைக் கணித்தல் முறை என்பதை அவ்விளைஞரின் முடிவு நமக்கு உணர்த்துகின்றது.

1899ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே செய்தி சென்றது. அவ்வாண்டிலேயே குட்வின் மணற்றிட்டுகளின் அருகே நின்ற விளக்குக் கப்பலின் மீது நீராவிக் கப்பலொன்று மோதிற்று. கம்பியில்லாத் தந்தி வாயிலாக உதவி வேண்டப்பெற்றது. கடலில் தனித்து நின்றார்க்கு இக்கருவி உற்ற துணையாதலை உலகம் உணரலாயிற்று.

குறுக்கீடும் மறைவும்

ஒருவர் மட்டும் பேசும் அவையில் குழப்பமில்லை. பலர் ஒருங்கே பேசின் ஒருவர் சொல்லும் கேளாது. கம்பியில்லாத் தந்திக்கும் இந்நிலை விரைவில் நேர்ந்தது. இதனை முன்னறிந்த மார்க்கோனியார், விடுப்பதும் ஏற்பதுமாகிய இரு கருவிகளையும் ஒரே அலைக்கு இசைவிக்கும் முறைக்கு 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் காப்புரிமை வேண்டினர். 7777 என்னும் எண்ணால் வழங்கும் புகழ்பெற்ற உரிமை அதுவே. எனினும் 1901ஆம் ஆண்டு நியூயார்க் நகரை அடுத்த கடலில் நிகழ்ந்த படகுப் பந்தயத்தில், செய்தி அனுப்பப் போட்டியிட்ட நிறுவனங்கள் ஒன்றன் அலையை ஒன்று கெடுத்து இடர்ப்பட்டன.

1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் பேராசிரியர் பிளெமிங் இம்முறையின் சிறப்பை அவையோர்க்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, மாஸ்கெலின் என்னும் வித்தைக்காரர் வெளியிலிருந்து அலை விடுத்து எள்ளல் மொழிகளை அக்கருவியிற் புகுத்தினார். இசைவித்தலால் மட்டும் செய்திக்குக் காவலுண்டாகாது என்பது வெளிப்பட்டது. குறுக்கீட்டை நீக்குதல் வேறு. செய்தியை மறைத்துக் காத்தல் வேறு.

மாகடல் கடந்தது

மின்னலைகள் நேர்கோட்டிற் செல்வனவாதலின் உருண்டை வடிவான உலகில் அவை நெடுந்தூரம் செல்லா என்று அறிஞர் பலர் கருதினர். மார்க்கோனியார் அதனை ஏற்றிலர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் போல்டு என்னுமிடத்தில் பேராற்றல் மிக்க நிலையம் அமைத்தனர். 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கு நாட்டிய கம்பங்களைப் புயல் வீழ்த்தியது. அமெரிக்கக் கரையில் நாட்டியவையும் அவ்வாறே பின்னர் வீழ்ந்தன. அவர் தளராது, நியூபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் குன்றிற்குச் சென்று, காற்றாடியின் துணையால் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்திற்குக் கம்பியை ஏற்றினர். டிசம்பர் மாதம் 12ஆம் நாள் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் கடந்து வந்த மூன்று புள்ளி ஒலிகளைக் கேட்டதாக அறிவித்தனர்.

அவ்வொலியை அவர் மெய்யாகவே கேட்டனரா என்பதில் பிற்கால அறிஞர் சிலர்க்கு ஐயமுண்டு. அப்போது அவர் கையாண்ட பாதரச உணர்கருவியின் அமைப்பு, 1899ஆம் ஆண்டு போஸ் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியதனை ஒத்தது என்று 1990களின் இறுதியில் ஆராய்ந்து எழுதியோரும் உளர். ஐயம் எவ்வாறாயினும், 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்னுங் கப்பலில் அவர் செய்த சோதனையில் 2,000 மைலுக்கு மேலும் இரவில் குறிகள் கிட்டின. பகலில் 700 மைலோடு நின்றன. வானில் உயரத்தே அலைகளைத் திருப்பும் மின்படலம் உண்டு என்று அவ்வாண்டே கென்னெலியும் ஹெவிசைடும் கூறினர். 1924ஆம் ஆண்டு ஆப்பிள்டன் அதனை மெய்ப்பித்தார்.

1907ஆம் ஆண்டு அக்டோபரில் அயர்லாந்தின் கிளிப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேக்கும் இடையே வணிகத் தந்தி தொடங்கிற்று. கிளிப்டன் நிலையம் அவ்வூர்ச் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த புற்கரியை எரித்தே மின்சாரம் பெற்றது. 1909ஆம் ஆண்டு ஜெர்மானியராகிய பிரவுனுடன் நோபல் பரிசையும் மார்க்கோனியார் பகிர்ந்துகொண்டனர்.

கதவடைத்த கொள்கை

இனி அவர் வரலாற்றில் இருண்ட பகுதியொன்றைக் கூறவேண்டும். அவர் நிறுவனம் கருவிகளைப் பெரும்பாலும் விற்கவில்லை. தன் பணியாளரோடு கப்பல்களுக்கு வாடகைக்கே அளித்தது. அப்பணியாளர் பிற நிறுவனத்தார் கருவியினின்று வருஞ் செய்திக்கு, இடர்க்காலத்தன்றி, விடை கூறலாகாது என்பது கட்டளை. ஒரு கப்பல் எவர் கருவியைக் கொண்டுள்ளது என்பதைப் பொறுத்தே அதனோடு பேசுவதா இல்லையா என்பது முடிவாயிற்று. உலக நாடுகள் இதனை வெறுத்தன. 1903ஆம் ஆண்டும் 1906ஆம் ஆண்டும் பெர்லின் நகரிற் கூடிய மாநாடுகளில், எவர் கருவியாயினும் கரை நிலையமும் கப்பலும் ஒன்றோடொன்று பேசுதல் வேண்டும் என்னும் விதி வகுக்கப்பெற்றது.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தியின் அழைப்பைக் கேட்டு விரைந்த கார்பேத்தியா கப்பல் 700 பேருக்கு மேற்பட்டோரைக் காத்தது. அண்மையில் நின்ற கலிபோர்னியன் கப்பலிலும் கருவி இருந்தது. ஆனால் அதனை இயக்குவோர் ஒருவரே. அவர் அந்நேரம் உறங்கச் சென்றிருந்தார். கருவி இருத்தல் மட்டும் போதாது. அதனை இரவும் பகலும் விழித்துப் பேணுவார் வேண்டும் என்பதை இதனினும் கொடிதாக உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி வேறில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மார்க்கோனியார் ஒரு மோட்டார் விபத்தில் தம் வலக்கண்ணை இழந்தனர்.

கைவிட்ட அலையை மீட்டது

தூரம் மிகவேண்டின் அலை நீளல் வேண்டும் என்று மார்க்கோனியார் நம்பினர். ஆண்டுதோறும் நிலையங்கள் பெருத்தன, கம்பங்கள் ஓங்கின, செலவு மலையாய்க் குவிந்தது. அலைநீளம் பல ஆயிரம் மீட்டராயிற்று. 200 மீட்டருக்குட்பட்ட குற்றலைகள் பயனற்றவை என்று கருதிய அரசினர், அவற்றைப் பொழுதுபோக்காகச் சோதனை செய்யும் இளைஞர்க்கு ஒதுக்கி விட்டனர். பயனற்றவை என்று ஒதுக்கப்பெற்ற அவ்வலைகளாலேயே, சிறு ஆற்றலுடைய கருவிகளைக் கொண்டு, 1923ஆம் ஆண்டு நவம்பரில் அவ்விளைஞர் அட்லாண்டிக்கின் இருகரையும் உரையாடினர்.

மார்க்கோனியாரும் வாளா இருந்தாரல்லர். 1916ஆம் ஆண்டு முதல் பிராங்கிளின் என்னும் பொறியியலறிஞர் துணையுடன் குற்றலைகளை மீண்டும் ஆராயலாயினர். 1923ஆம் ஆண்டு எலெத்ரா என்னுந் தம் கப்பலிலேயே ஆராய்ச்சிச் சாலை அமைத்து மாகடலிற் சென்று, போல்டுவினின்று வருங் குற்றலைகளை அளந்தனர். அளவு தம் பழங்கொள்கைக்கு மாறாக நின்றது. நெடிய அலையையே பற்றி நின்றது தவறென்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். தாம் பெரும்பொருள் செலவிட்டு நாட்டிய நிலையங்களைப் பழமையாக்கும் உண்மையை ஒருவர் தாமே வெளியிடுதல் எளிதன்று. இதுவே அவர் வாழ்வில் யாம் மிகவும் போற்றும் செயல்.

1924ஆம் ஆண்டு ஆங்கில அரசாங்கத்தார் அவர் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தனர். அலைகளை நாற்புறமும் சிதறவிடாது ஒரே திசையிற் குவித்து அனுப்பும் நிலையங்கள் எழுந்தன. 1926ஆம் ஆண்டு கனடாவோடும், 1927ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளோடும் அவை இங்கிலாந்தை இணைத்தன. நம் நாட்டு நிலையங்கள் பூனா நகரை அடுத்து அமைந்தன. செலவு குறைந்தது, விரைவு மிகுந்தது.

அதனினும் சிறிய அலைகளை அவர் 1931ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் அலையால் வத்திக்கான் நகருக்கும், 20 கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள காஸ்தெல் கந்தோல்போ என்னுஞ் சிற்றூரின் போப்பரசர் கோடை மாளிகைக்கும் இடையே தொலைபேசி இணைப்பு அமைத்தனர். 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதினோராம் பயஸ் அதனைத் தொடங்கி வைத்தார். ஓரிடத்து நிலைத்த தட்டு, மற்றோரிடத்து நிலைத்த தட்டு, இடையே குவிந்த சிற்றலை: இன்று சிற்றூர்களுக்கு இணையந் தருவோர் செய்வதும் இதுவேயன்றோ?

இறுதிக் காலம்

மார்க்கோனியார் 1923ஆம் ஆண்டு பாசிசக் கட்சியிற் சேர்ந்தனர். 1930ஆம் ஆண்டு முசோலினி அவரை இத்தாலிய அரசக் கழகத்தின் தலைவராக்கினார். 1935ஆம் ஆண்டு இத்தாலி எத்தியோப்பியாவின் மேற் படையெடுத்தபோது அவர் தம் புகழை அப்படையெடுப்பிற்கு ஆதரவாகப் பயன்படுத்தினர். மக்களை மக்களோடு இணைக்கும் கருவியைத் தந்தவர் கொடுங்கோன்மைக்குத் துணை நின்றது வருந்தத்தக்கது. அறிவின் பெருமை அறத்தின் குறையை மறைக்கப் போதாது.

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் நாள் ரோம் நகரில் அவர் மறைந்தனர். உலகின் பல பாகங்களிலும் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடங்கி நின்றன. வான்வெளியை ஒலியால் நிறைத்தவர்க்கு மௌனமே உரிய அஞ்சலியாயிற்று. 1943ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், இசைவித்தல் பற்றிய அவருடைய அமெரிக்கக் காப்புரிமையின் முக்கியப் பகுதிகள் லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோர் முன்னரே கண்டவற்றால் செல்லாதன என்று தீர்ப்பளித்தது.

வரலாறு தரும் பாடம்

இனி, முதலில் எழுப்பிய வினாக்களுக்கு மீள்வோம். சிற்றூர்க்கு இணையந் தர முற்படுவோர் முதலில் விளம்பரத்தை நோக்காது நிலத்தை நோக்குவாராக. 5 கிகாஹெர்ட்ஸ் அலை பத்துக் கிலோமீட்டர் செல்லவேண்டின், இரு தட்டுகளும் ஒன்றையொன்று காணுமாறு நிற்பது மட்டும் போதாது. நடுவழியில் அந்நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 12 மீட்டர் ஆரமுள்ள வெளியில் பெரும்பகுதி மரமும் மேடுமின்றி இருத்தல் வேண்டும். இன்று நாற்றாய் நிற்பது நாளை மரமாகும் என்பதையும் எண்ணல் வேண்டும். தடையற்ற வெளியிலும் தூரம் இருமடங்காயின் வரும் ஆற்றல் கால்பங்காகும். இக்குறைகளை விலையுயர்ந்த கருவியினும் உயர்ந்த கம்பமும் தக்க இடமும் நன்கு தீர்க்கும். பிரிஸ்டல் கால்வாயில் மூன்றாம் நாள் நிகழ்ந்தது இதற்குச் சான்று.

அலையைத் தேர்தலும் இத்தகையதே. 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர்; போஸ் கல்கத்தாவில் 1890களிலேயே ஆராய்ந்த அலை அது. அது மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் காற்றிலுள்ள பிராணவாயுவும் மழையும் அதனை உண்டுவிடும். ஓரிரு கிலோமீட்டருக்கே தக்கது. அதனினும் நீண்ட அலை தொலைவு செல்லும். சுமக்குஞ் செய்தியோ குறையும். எவ்வலையும் எவ்விடத்திற்கும் நன்று என்பாரை நம்பற்க. நெடிய அலையே யாண்டும் நன்று என்று மார்க்கோனியார் இருபதாண்டு நம்பி இழந்ததை நினைவிற் கொள்க.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டுண்டு. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றிலுமுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு இணைக்க, பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் முன்வந்தனர். வீட்டினுள் வழங்கும் மலிவான வைஃபை கருவிகளையே உயரத்தில் நிறுத்தி, பல கிலோமீட்டர் இடைவெளியை இணைத்தனர். குறுகிய இடத்திற்கென வகுத்த பேச்சுமுறை நெடுந்தூரத்தில் தடுமாறவே, ஒவ்வொரு முனையும் முறை வைத்துப் பேசுமாறு அதனை மாற்றியமைத்தனர். ஊரில் இருந்தபடியே நோயாளர் மருத்துவரைக் கண்டு பேசினர். அங்கு அவர்க்கு மிகுந்த இடர் விளைத்தது அலையன்று. ஏறியும் இறங்கியும் கருவியைக் கெடுத்த மின்சாரமே. ஆகவே கருவி வாங்குவோர் மின்கலத்தையும், இடி தாங்கியையும், பழுதுபார்க்கக் கற்ற உள்ளூர் இளைஞர் ஒருவரையும் அக்கணக்கிலேயே சேர்ப்பாராக. கலிபோர்னியன் கப்பலில் உறங்கிய கருவியை ஒருபோதும் மறவாதிருப்பாராக.

எல்லாவற்றினும் மேலாக, தன் இனத்துக் கருவியோடன்றிப் பேசாத கருவியை வாங்குமுன் பன்முறை எண்ணுவாராக. விற்பவர் விலையை உயர்த்தினும், தொழிலை விட்டு நீங்கினும், ஊரார் வேறு வழியின்றித் தவிப்பர். பெர்லின் மாநாடுகள் ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே கண்டித்த குற்றம் புதிய உடையில் இன்றும் உலவுகின்றது.

நண்பர்களே, நம்முட் பலர் சிற்றூர்களினின்று வந்தோம். தேர்வு முடிவை அறியவும், விண்ணப்பம் அனுப்பவும் நெடுந்தொலைவு நடந்தோர் நம் வீட்டிலும் இருப்பர். இக்கல்லூரியை விட்டு நீங்கியபின் நம்முள் யாரேனும் ஊராட்சியிலோ, பள்ளியிலோ, தொழிலிலோ இத்தகைய தேர்வு செய்யும் இடத்தில் அமரக்கூடும். அன்று மார்க்கோனியாரின் அளக்கும் பழக்கமும், அளவு மாறி நின்றபோது தம் கொள்கையை விட்டுக்கொடுத்த நேர்மையும் நம்மிடம் இருப்பனவாக. அவர் கதவடைத்த இடத்தில் நாம் கதவு திறப்போமாக.